பேச்சுக்கு நடுவே ஓர் இடம்

கோவில்பட்டியில் அந்தப் பெண்கள் விடுதியில் கேட்டவுடன் எனக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம், அந்த அக்காவோடு ஓர் அறையில் தங்க வேறு யாரும் சம்மதிக்காததுதான். அப்போது எனக்கு அது தெரியாது. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்திருந்தேன். தினமும் பஸ்ஸில் வந்து போவது சரிப்படாது என்று, பெட்டியும் பாயும் தலையணையுமாக அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டார்.

விடுதியை நடத்தியவரை எல்லோரும் ஆன்ட்டி என்போம். கீழே அவர் வீடு. மாடியில் நான்கு அறைகள், நடுவில் ஒரு கூடம். படி ஏறும்போதே ஆன்ட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“அந்த ரூம்ல ஒரு பிள்ள இருக்கா. மூத்தவ. வாயத் தொறக்க மாட்டா. கெட்டவ கிடையாது, ஆனா அழுத்தக்காரி. நீ பாட்டுக்கு இருந்துக்கோ.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், எந்தப் பள்ளி என்று சொன்னேன். அவள் எழுந்து நின்று அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். பிறகு அலமாரியில் இருந்த தன் துணிகளை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, கைக்கு எட்டுகிற தட்டு இரண்டையும் காலி செய்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த கட்டிலில் இருந்து போர்வையை எடுத்து, சுவரோரக் கட்டிலில் போட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்ததும் மறுபடி துணி மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

கீழே இறங்கி வரும்போது அப்பா சொன்னார், “என்னம்மா, அந்தப் பிள்ள முகம் கொடுத்தே பேசலையே. நீ வந்தது பிடிக்கல போலிருக்கு.”

பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. அன்றிலிருந்து அந்த மின்விசிறிக்குக் கீழே நான்தான் படுத்தேன்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பசுவந்தனைப் பக்கம் ஊர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இசிஜி எடுக்கிற வேலை. உயரம். நெற்றியில் சின்னதாகத் திருநீறு. எதைக் கேட்டாலும் முதலில் நம்மைப் பார்ப்பாள். அந்தப் பார்வை முடிவதற்குள் நாம் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அப்புறம் ஒரு “ம்” வரும். அது முதல் கேள்விக்கா இரண்டாவதற்கா என்று தெரியாது.

நான் வாய் ஓயாதவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்த கூத்து, தலைமையாசிரியையின் எடுப்பு, ஊரில் பாதியில் நிற்கிற எங்கள் வீட்டு வேலை, எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டுவேன். அவள் கேட்பாள். கேட்கிறாளா என்று சந்தேகம் வந்து ஒருநாள் நடுவில் நிறுத்தினேன். கையில் இருந்த ஊசியோடு நிமிர்ந்து பார்த்து, நான் தொடங்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் வேலை முடிந்து வந்தபிறகு கூடம்தான் எங்களுக்கு எல்லாம். டிவி ஓடும், அதை யாரும் பார்க்கமாட்டோம். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த இசக்கிதான் அங்கே ராணி. கடைக்கு வந்தவர்கள் புடவையை விரிக்கச் சொல்லி விரிக்கச் சொல்லிக் கடைசியில் கைக்குட்டை வாங்கிப்போன கதையை நடித்துக் காட்டுவாள். பல் டாக்டரிடம் உதவிக்கு இருந்த காளீஸ்வரி சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிடுவாள். கயத்தாறுக்காரி. எங்கள் எல்லோரிலும் சின்னவள்.

அக்கா தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், தரையில், முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். ஆன்ட்டிக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பாள். இல்லையென்றால் யாருடைய ஜாக்கெட்டுக்காவது கொக்கி தைப்பாள். அங்கே அவள் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. பேச்சு முடிந்து கடைசி ஆள் எழுந்திருக்கும்போதுதான் அவளும் எழுந்திருப்பாள். வாட்ஸ்அப்பில் எங்கள் விடுதிக்கு ஒரு குரூப் இருந்தது. எது போட்டாலும் முதலில் பார்ப்பவள் அக்கா. பதிலுக்கு ஒரு கட்டைவிரல்கூட வராது. “பாத்துட்டும் ஒண்ணும் போடாம இருக்கா பாரு. நம்மள வேவு பாக்குதா” என்பாள் இசக்கி, சிரித்துக்கொண்டுதான்.

ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து வாங்க அக்காவின் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இசிஜி அறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். சட்டைப் பொத்தானைக்கூடப் போடவில்லை. வெளியே பெஞ்சில் அவர் மனைவி.

“என்ன சொல்லுச்சு அந்தப் பிள்ள?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“என் மூஞ்சியப் பாத்துச்சு. அப்புறம் தலையக் குனிஞ்சுக்கிடுச்சு. முடிஞ்சுபோச்சு போ.”

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். உள்ளே இருந்த டாக்டர் எழுந்து வந்து, அது வெறும் வாயு என்று சொல்லி இரண்டு பேரையும் தேற்ற வேண்டியதாயிற்று. அதன்பிறகு அக்காவைக் கூப்பிட்டு, “ஏதாவது ஒரு வார்த்தை சொல்லும்மா. ‘பயப்படாதீங்க’ன்னாவது சொல்லு. உன் மூஞ்சியப் பாத்தே பாதிப் பேருக்கு நெஞ்சு வலிக்கி” என்றார்.

இரண்டு மூன்று நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அக்கா “பயப்படாதீங்க, பயப்படாதீங்க” என்று சொல்லிப் பார்த்தாள். படுத்துக்கொண்டே பார்த்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், “சொன்னேன். ‘அப்ப ஏதோ இருக்கு, அதான் பயப்படாதங்கா’ன்னு ஒரு அம்மா மயங்கி விழுந்துட்டாக.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனாள் என்றால், சனிக்கிழமை சாயங்காலம் “நாளைக்கு வாரியா?” என்றாள், அவ்வளவுதான். ஊரில் இருந்து தள்ளி, புஞ்சைக்குள் தனியாக நிற்கிற ஓட்டு வீடு. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் செருப்பை மண் இழுத்து இழுத்துப் பிடித்தது. கடைசியில் கையில் எடுத்துக்கொண்டு நடந்தோம். அவள் அப்பா வாசலில் நின்றார். அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாராம்.

“வாம்மா” என்றார் என்னிடம். மகளிடம் அதுவும் இல்லை. அவள் பையை வாங்கி உள்ளே வைத்தார். அவர் அரிசி கழுவ, இவள் அடுப்பைப் பற்ற வைக்க, அவர் வெங்காயம் உரிக்க, இவள் தாளிக்க, ஒரு பேச்சும் இல்லாமல் சமையல் முடிந்தது. இரண்டு பேர் முகத்திலும் ஒரு கோபதாபம் கிடையாது. எனக்குத்தான் மூச்சு முட்டியது.

சாப்பிட்டதும் அக்கா எழுந்து பக்கத்துப் புஞ்சைக்குப் போனாள். அங்கே ஏழெட்டுப் பெண்கள் உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் வரிசையில் போய் உட்கார்ந்து களை பறிக்க ஆரம்பித்தாள். யாரோ ஒருத்தியின் மாமியார் கதை ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கவே இல்லை.

“எதுக்குக்கா லீவு நாள்லயும்?” என்று கேட்டேன்.

“சும்மா” என்றாள்.

வரப்பில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஓர் அம்மா தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னார். “மூணு எடத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தாக. மொத எடத்துல, பிள்ள ஊமையான்னு கேட்டாக. ரெண்டாவது எடத்துல, மனசுல வேற யாரையோ வச்சிருக்கான்னு சொல்லிட்டுப் போனாக. மூணாவது மாப்பிள்ள நல்ல பையன். ‘என்னைப் பிடிச்சிருக்கா’ன்னு இவகிட்டயே கேட்டான். இவ பதிலு சொல்லுததுக்குள்ள, ‘சரி, பிடிக்கல போல’ன்னு எந்திச்சுட்டான். இவளுக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அவன் பஸ் ஏறினப்புறம் எங்கிட்ட சொல்லுதா.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் காதில் அது விழுந்திருக்கும். களைக்கொத்தால் மண்ணைக் கீறிக்கொண்டே அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

காளீஸ்வரி யாரோடோ போனில் பேசுகிறாள் என்பது மறு சித்திரைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் கடை வைத்திருந்த பையன். வேறு சாதி. எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இசக்கி அவளை இரண்டு முறை எச்சரித்தாள். காளீஸ்வரி சிரித்துக்கொண்டே மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். படிக்கட்டுக்குப் பக்கத்து அறை எங்களுடையது. அவள் மாடியில் பேசுவதில் பாதி எங்கள் சன்னலில் கேட்கும். அக்கா எழுந்து சன்னல் கதவைச் சாத்திவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அரைநாள் என்பதால் எல்லோரும் இருந்தோம். கீழே ஒரு கார் வந்து நின்றது. காளீஸ்வரியின் அப்பாவும், சித்தப்பா முறையில் இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். ஆன்ட்டி பின்னாலேயே, “அண்ணாச்சி, உக்காந்து பேசுவோம் அண்ணாச்சி” என்று கெஞ்சிக்கொண்டு வந்தார். அப்பா சத்தம் போடவில்லை. மகளைப் பார்த்து, “துணிய எடுத்து வை” என்றார். அவள் அறைக்குள் போனாள்.

பிறகு அவர் எங்களைப் பார்த்தார். “உங்களுக்கெல்லாம் தெரியுமாம்மா இது?”

“எங்களுக்கு ஒண்ணும் தெரியாது அய்யா” என்றாள் இசக்கி உடனே. நானும் தெரியாது என்றேன். எல்லோரும் சொன்னோம்.

அக்கா டிரம்முக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் அவளிடம் திரும்பினார். “நீ மூத்த பிள்ளையா இருக்க. இவிய சின்னப் பிள்ளைக, பயத்துல சொல்லுதாக. நீ சொல்லு. எம்மக அந்தப் பையன்கூட பேசுதாளா இல்லையா?”

அக்கா அவரைப் பார்த்தாள். அவள் பார்க்கிற அந்தப் பார்வையைத்தான் பார்த்தாள். இசக்கி பின்னால் இருந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அக்காவின் உதடு கொஞ்சம் பிரிந்தது.

“போதும்” என்றார் அப்பா. “இந்த ஒரு பிள்ளையாவது பொய் சொல்லாம நிக்கி.”

காளீஸ்வரி பையோடு வந்ததும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். படியில் அடி விழுகிற சத்தம் கேட்டது. ஒன்றுதான். அவள் அழவில்லை. ஆன்ட்டிதான் கீழே அழுதார். நாங்கள் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க, அக்கா மட்டும் வேகமாகச் சன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கார் கிளம்பியது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

“பாத்தியா, என்னமோ முணுமுணுக்கா” என்றாள் இசக்கி என் காதில். குரல் உடைந்திருந்தது. “பிள்ளைய அனுப்பி வச்சுட்டு முணுமுணுக்கா.”

அன்று சாயங்காலமே தீர்ப்பு ஆகிவிட்டது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்த வயிற்றெரிச்சல் என்றார்கள். ஒரு ‘தெரியாது’ சொல்லியிருந்தால் பிள்ளை தப்பித்திருப்பாள் என்றார்கள். முதலாவதை நான் நம்பவில்லை. இரண்டாவதை நினைத்து எனக்கும் மனசு அடித்துக்கொண்டது. சொல்லியிருக்கலாமே.

“அவகிட்ட யாரும் பேசாதீங்கட்டி” என்றாள் இசக்கி.

“பேசாதவகிட்டப் பேசாம இருந்தா அவளுக்கு என்ன தெரியப்போகுது?” என்றாள் இன்னொருத்தி. அந்த நேரத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆனால் அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் வழக்கம்போலக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சு நின்றது. எல்லோரும் போனை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் டிவி மட்டும் பேசியது. ஒவ்வொருத்தியாக எழுந்து அறைக்குப் போனாள். அடுத்த நாளும் அப்படித்தான். அவள் தண்ணீர் பிடிக்க வந்தால்கூட, டிரம் நிரம்புகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. அவள் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியபிறகுதான் மறுபடி பேச்சு தொடங்கும். அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். கையில் தைக்க ஒன்றும் இருக்காது. யாரும் ஜாக்கெட் கொடுப்பதில்லை.

ஒரு சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். கதிரேசன் மலைக்கு மேல் வானம் சிவந்திருந்தது. நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “ஏன்க்கா அன்னைக்குச் சொல்லல? தெரியாதுன்னு ஒரு வார்த்தை.”

அவள் ஒரு பாவாடையைக் கொடியில் இருந்து உருவினாள். அன்றைக்கு ஏனோ நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நானும் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கொடி முழுக்கக் காலியான பிறகு அவள் பேசினாள்.

“சொல்லத்தான் வந்தேன். தெரியாதுன்னு சொன்னா மட்டும் போதாதுன்னு தோணுச்சு. ‘நல்ல பிள்ள, அடிக்காதீங்க’ன்னும் சேத்துச் சொல்லணும்னு நெனச்சேன். எது மொதல்ல சொல்லன்னு பாக்கதுக்குள்ள அவிய போதும்னுட்டாக.”

“அப்போ சன்னல்கிட்ட?”

“அதத்தான் சொன்னேன். ‘அடிக்காதீங்க அய்யா’ன்னு. எனக்கு அப்பத்தான் வந்துச்சு.”

அவள் துணிகளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் போயி இவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுதேன்க்கா” என்றேன்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“நான் இத்தன நாளு பேசாம இருந்துட்டு, இப்ப ஆள் வச்சுப் பேசுதேன்னு வரும்.” கொஞ்சம் பொறுத்து, “அவளுக என்ன நெனச்சாலும் சரிதான். நான் போனா பேச்ச நிறுத்திடுதாளுக, அதுதான்” என்றாள்.

“நீங்கதான் யார்கிட்டயும் பேச மாட்டீங்களே. அதுல உங்களுக்கு என்ன?”

“பேச மாட்டேன்” என்றாள். “கேக்கணும்லா.”

அவ்வளவு நாள் ஒரே அறையில் இருந்தும் எனக்கு அது புரிந்திருக்கவில்லை. ஆள் அரவம் பிடிக்காதவள் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவளோ, சாயங்காலம் ஆனால் எங்கள் சத்தத்துக்கு நடுவே வந்து உட்காருவதற்காகத்தான் அன்றைய பொழுதைக் கழித்திருக்கிறாள். லீவு நாளில் அந்தப் பெண்களோடு அவள் ஏன் களை எடுத்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வேண்டாம் என்று சொல்லியும் நான் இசக்கியிடம் சொன்னேன். “உங்கிட்ட மட்டும் வாய் வருதாக்கும்” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆவணியில் காளீஸ்வரி வந்தாள், கையில் கல்யாணப் பத்திரிகையோடு. அவள் அம்மா கீழே ஆன்ட்டியோடு உட்கார்ந்திருக்க, இவள் மாடிக்கு ஓடி வந்தாள். மெலிந்திருந்தாள். தூத்துக்குடியில் மாப்பிள்ளை, நல்ல குணம் என்றாள். அந்தப் பையன் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய்விட்டானாம். அதை யாரும் கேட்காமலே அவளே சொன்னாள், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல.

இசக்கி அவளைக் கட்டிக்கொண்டு, “எல்லாம் இவளாலதான். அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா” என்றாள். அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள்.

“யாரால? அக்காவாலயா?” காளீஸ்வரிக்குப் புரியவில்லை. “நான் ஊருக்குப் போயிருந்தப்ப, எனக்குத் தெரியாம எங்க அண்ணன் எம்போனைப் பாத்துட்டான். வீட்டுல கிளம்பும்போதே எல்லாம் தெரிஞ்சுதான் வந்தாக. அப்பா சும்மா கேட்டுப் பாத்தாக. யாரு என்ன சொல்லியிருந்தாலும் கூட்டிட்டுத்தான் போயிருப்பாக.”

காளீஸ்வரி அக்காவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். “கார்ல இருந்து பாத்தேன்க்கா. சன்னல்ல நின்னு எனக்கு என்னமோ சொன்னீங்களே. என்ன சொன்னீங்க?”

எல்லோரும் அக்காவையே பார்த்தோம். இந்த முறை எல்லோரும் காத்திருந்தார்கள். இசக்கி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அக்காவின் கழுத்தில் வேர்வை அரும்பியது. எனக்கு அந்த வார்த்தை தெரியும். சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“பாத்துப் போன்னு சொன்னேன்” என்றாள்.

அன்றிலிருந்து எல்லாம் மாறியது. அவள் கூடத்துக்கு வந்தால், “வாங்கக்கா, இங்கன உக்காருங்க” என்று நடுவில் இடம் விட்டார்கள். தரையில் உட்கார விடாமல் நாற்காலி போட்டார்கள். “சாப்ட்டீங்களாக்கா? ஆஸ்பத்திரியில இன்னைக்குக் கூட்டமாக்கா? ஊருக்குப் போகலையாக்கா?” இசக்கி தினமும் கடையில் இருந்து வரும்போது ஏதாவது தின்ன வாங்கிவந்து முதலில் அவளிடம் நீட்டினாள். மனசாரத்தான் செய்தார்கள். ஆனால் யாரும் கடைக்கு வந்தவர்களைப் பற்றிப் பேசவில்லை. யாரும் நடித்துக் காட்டவில்லை. அக்கா எதிரில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது, கேட்டவள் சிரித்த முகத்தோடு காத்திருப்பாள். அவள் பாடு முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது.

இரண்டு வாரம் தாங்கினாள். பிறகு சாப்பிட்டதும் அறைக்கு வந்துவிடுவாள். நான் கதவைத் திறந்தே வைப்பேன். அதனால் என்ன பயன்? வெளியிலும் பேச்சு குறைந்துபோயிருந்தது. காளீஸ்வரி போனதோடு அந்தக் கூடத்தின் சிரிப்பில் பாதி போய்விட்டது.

புரட்டாசியில் ஒரு காலை அக்கா பையைக் கட்டினாள். இனி ஊரில் இருந்தே பஸ்ஸில் வந்து போகப் போகிறாளாம். கிளம்பும்போது என் கட்டில் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பள்ளிக்கு நேரமாகிறது என்று தலை வாரிக்கொண்டே, அன்றைக்கு எட்டாம் வகுப்பில் நடக்கப்போகிற தேர்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும், “வாரேன்” என்றாள்.

“என்ன குறைன்னு கேட்டேன், சொல்லமாட்டேங்கா” என்றார் ஆன்ட்டி. “சாப்பாடு பிடிக்கல போல. மனசுல இருக்கதச் சொன்னாத்தானே தெரியும்.”

எனக்குக் கல்யாணமாகி எட்டயபுரம் போனேன். போனில் பேசுகிற ஆள் இல்லை அவள். பொங்கலுக்கு நான் அழைத்தால் எடுப்பாள். நான் பேசுவேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை பார்த்துக்கொள்வேன். அப்படியே அழைப்பதும் விட்டுப்போயிற்று.

போன மாதம் ஒரு மத்தியானம், மகளுக்குச் சீருடைத் துணி எடுத்துவிட்டுக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எதிரில் நீளமான சிமெண்டு பெஞ்சில் கூடைகளும் பைகளுமாக ஒரு கூட்டம் பெண்கள். மக்காச்சோளத்தில் புழு விழுந்த கதையும், யாரோ ஒருவன் வளைகாப்புக்கு அனுப்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிற கதையும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு நடுவே அக்கா. மடியில் பை. காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

பசுவந்தனை பஸ் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. பின்னாலேயே கயத்தாறு பஸ் வர, அந்தப் பெண்கள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறினார்கள். பெஞ்சில் அவள் மட்டும் இருந்தாள்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க பஸ்தானே இப்பப் போச்சு? ஏறலையா?”

நான் பொறுத்திருந்தேன்.

“அதுல ஆளே இல்ல” என்றாள்.

“அப்பா நல்லா இருக்காகளா?”

“போன வருஷம் போயிட்டாக.”

அந்தப் புஞ்சை நடுவே நிற்கிற வீடு எனக்குக் கண்ணில் வந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும், அவளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். போனை எடுத்து என் தங்கையை அழைத்தேன்.

“என்னக்கா இந்நேரத்துல?” என்றாள் தங்கை.

“சும்மாதான்ட்டி” என்று ஆரம்பித்தேன். சீருடைத் துணிக் கடையில் அளவு எடுத்தவன் செய்த குளறுபடியைச் சொன்னேன். என் மாமியார் புதுக் குக்கரைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். அவர் பேசுவதுபோலவே பேசிக் காட்டினேன். தங்கை சிரிப்பது வெளியே கேட்டிருக்கும். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. பஸ்கள் வந்து போகிற திசையைப் பார்த்தபடி, என் கையை விடாமல், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். நான் அவள் பக்கமே பார்க்காமல் பேசினேன். தோள் குலுங்குவது என் தோளில் தெரிந்தது.

“சரிக்கா, உலை கொதிக்கி, அப்புறம் பேசுதேன்” என்று தங்கை வைத்துவிட்டாள்.

நான் போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. “அதோட விட்டாங்கன்னு நெனைக்கியா? அப்புறம் கேளு” என்று மாமியார் கதையைத் தொடர்ந்தேன். இல்லாத கதையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். இரண்டு பஸ் போயின.

மூன்றாவதாக வந்த பசுவந்தனை பஸ்ஸில் கூட்டம் இருந்தது. அக்கா எழுந்தாள். நான் போனைத் தாழ்த்தப் போக, வேண்டாம் என்பதுபோல என் மணிக்கட்டைத் தொட்டு, நீ பேசு என்று கையைக் காட்டினாள். ஏறிக்கொண்டாள். முன்னால் சன்னலோரமாக ஓர் இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போனாள். பின்னால் இரண்டு பெண்கள் கையை ஆட்டி ஆட்டி எதற்கோ வாதாடிக்கொண்டிருந்த இருக்கையில், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லித் தலையசைத்து, ஒண்டிக்கொண்டாள்.

பஸ் திரும்பி மறைகிறவரை நான் பேசிக்கொண்டே இருந்தேன்.